உங்களுக்குத் தெரியுமா? சட்டி ஏறாத சைனீஸ் கோவா

◆ புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் மொரிஸ் வோர்ம்ஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை நட்டது 1841இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு அதை ஒரு தொழிலாக்கத் தொடங்கியது 1867இல்தான். கணக்குப் பார்த்தால் கொத்மலைக்குப் பக்கத்து மலை 26 வருடம் முந்திக்கொண்டுவிட்டது. அந்தச் சீன இலையை வாட்டி, உருட்டி, காயவைத்து, கடைசியில் கொதிதண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம். இன்னொரு சீன இலையும் இப்போது இதே மலையின் மரக்கறிப் பாத்திகளில் நிற்கிறது: சைனீஸ் கோவா. இதையும் சூப்பிலும் சொப்சியிலும் போட்டுக் கொதிக்கவைத்தே பழகிவிட்டோம். அடுப்பே பற்றவைக்காமல் அதைச் சாப்பிடுவது பற்றித்தான் இந்த முறை.

◆ இறம்பொடை தாண்டி லபுக்கலைக்கு ஏறும் பாதையோரத்தில் மரக்கறிக் கடைகள் வரிசையாக இருக்கும். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா எல்லாம் கழுவிவிட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். போன மாதம் அங்கே ஒரு சைனீஸ் கோவாவைக் கையில் எடுத்து, "இதைச் சம்பலாப் போடலாமா?" என்று கேட்டேன். கடைக்காரத் தங்கச்சி சிரித்துவிட்டார். "கொழும்புல ஹோட்டலுக்கு வாங்குறாங்கக்கா. எங்க லயத்துல யாரும் இத பச்சையாத் திங்க மாட்டாங்க." வளர்ப்பவர் தின்னாத இலை லொறியேறி மலையிறங்கிப் போகிறது. வாங்கி வந்த மூன்றில் ஒன்றை வெட்டும்போதே துண்டு துண்டாகச் சேர்த்தவைதான் கீழே வருபவை.

◆ தமிழ்நாட்டு உறவினரிடம் "கோவா வாங்கி வை" என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோடு நிற்பார். அங்கே இது முட்டைக்கோஸ். நம்முடைய கோவா, போர்த்துக்கீசரின் 'கூவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்திலும் அதே கோவாதான். சலாது அவர்களுடைய 'சலாடா'. போஞ்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. ஆக, 'கோவாச் சலாது' என்று சொல்லும்போது இரண்டு சொல்லும் இரவல். நம்முடைய சொல் வேண்டுமென்றால் பச்சடி இருக்கிறது. பச்சையாகத் தின்பது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

◆ பெயர் ஒன்றாக இருப்பதால் கோவாவும் சைனீஸ் கோவாவும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். கோவா, கோலிஃபிளவர், நோக்கோல், புரொக்கோலி நான்கும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம். சைனீஸ் கோவாவும் பக் சோயும் பிராசிக்கா ராப்பா என்ற வேறு இனம். அந்த வீட்டில் அவற்றுக்கு உடன்பிறந்தது யார் தெரியுமா? டர்னிப் கிழங்கு. ஒன்றில் இலையையும் இன்னொன்றில் கிழங்கையும் பெருக்க வைத்தது ஆயிரக்கணக்கான வருடங்களாக விதை பொறுக்கிய மனிதரின் கை.

◆ தாளிதத்தில் போடும் கடுகும் இதற்குச் சொந்தம். எப்படிச் சொந்தம் என்று 1935இல் ஒரு முக்கோணம் வரைந்து காட்டியவர் வூ ஜாங்-சுன். கொரியத் தகப்பனுக்கும் ஜப்பானியத் தாய்க்கும் தோக்கியோவில் 1898இல் பிறந்தவர். சைனீஸ் கோவாவின் இனத்தில் 10 சோடி நிறமூர்த்தங்கள், கருங்கடுகில் 8 சோடி; இரண்டும் கலந்து பிறந்த கடுகில் 18 சோடி. சாதாரணக் கோவாவில் 9. அதுவும் சைனீஸ் கோவாவின் இனமும் சேர்ந்தது 19 சோடி உள்ள ரேப் எண்ணெய்ச் செடி. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து நின்றது. 1950இல் அவர் கொரியாவுக்குப் போனார். யுத்தத்தில் அடிபட்ட நாட்டில், கிம்ச்சிக்கு வேண்டிய கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் நல்ல விதை உருவாக்கிக் கொடுத்து, அங்கேயே 1959இல் இறந்தார். ஒரு மரக்கறிக்காக ஒரு நாடு ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பது அபூர்வம்.

◆ தாய்வானின் தாய்ப்பே நகரத்துத் தேசிய அரண்மனை நூதனசாலையில் சனம் முண்டியடித்துப் பார்க்கிற பொருள்களில் ஒன்று, பச்சைக்கல்லில் செதுக்கிய சைனீஸ் கோவா. உயரம் 19 சென்ரிமீற்றர்கூட இல்லை. கல்லில் இயற்கையாகவே இருந்த வெள்ளையைத் தண்டாகவும் பச்சையை இலையாகவும் ஆக்கியிருக்கிறான் அந்தக் கைவினைஞன். இலை நுனியில் இரண்டு பூச்சிகள். பூச்சி இல்லாத கோவாவை அவனும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

◆ கொத்மலை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீற்றரில் இருக்கிறது. சுவீடன் உதவியோடு கட்டி, 1985இல் திறந்த அணைக்கட்டு அது. நுவரெலியா 1,868 மீற்றர். தவலந்தென்னவில் பஸ் ஏறி நுவரெலியாவில் இறங்கினால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் செங்குத்தாக ஏறியிருப்பீர்கள். காற்று ஏழு பாகை அளவில் குளிர்ந்திருக்கும். சைனீஸ் கோவா இறுக்கமாக உருண்டு குருத்துக் கட்டுவதற்கு 15 முதல் 20 பாகை வரையான குளிர்தான் பிடிக்கும். அதனால் லபுக்கலைப் பக்கம் அது கல்லு மாதிரி கட்டும். கீழே தண்ணீர்க்கரைக்கு வந்தால் இலை விரிந்து சோம்பிப்போய் நிற்கும். கீழே இருப்பவர்களுக்கு உருளாத பக் சோய்தான் தோது. சம்பலுக்கு அது ஒன்றும் குறைச்சலில்லை.

◆ சூட்டிலும் உருளும் சைனீஸ் கோவா வேண்டும் என்று ஒரு சர்வதேச நிலையமே பாடுபட்டது. 1971இல் தாய்வானில் தொடங்கிய ஆசிய மரக்கறி ஆராய்ச்சி நிலையம் முதலில் கையிலெடுத்த பயிர்களில் தக்காளி, பாசிப்பயறு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. இன்று வெப்ப நாட்டு விதைப் பைக்கற்றுகளில் 'சூடு தாங்கும்' என்று போட்டு வருகிற இரகங்களுக்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது.

◆ தேயிலைக்குப் பிடித்த மண் கோவாவுக்குப் பிடிக்காது. தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கும்; பி.எச். அளவு 4.5இலிருந்து 5.5க்குள் இருந்தால் அதற்குச் சந்தோசம். கோவாக் குடும்பத்துக்கு 6க்கு மேல் வேண்டும். மண் புளித்திருந்தால் வேர் முண்டு முண்டாக வீங்கிச் செடி நடுப்பகலில் வாடி விழும். வேர்முண்டு நோய் என்ற அந்தக் கொள்ளையின் கிருமியை ரஷ்யாவின் மிகைல் வொரோனின் 1870களில் கண்டுபிடித்தார். டொலமைட் போட்டு மண்ணைத் திருத்தச் சொல்வது அதற்காகத்தான்.

லயத்துப் பின்பக்கத் துண்டுகளில் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். விறகுச் சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும். பி.எச். என்ற சொல்லைக் கேட்டிராத கிழவிகள் செய்துவந்த மண் வைத்தியம் அது. காஸ் அடுப்பு வந்த வீடுகளில் கீரைப்பாத்தி ஏன் முன்னைப்போல் வருவதில்லை என்று யாராவது கேட்டால், முதலில் சாம்பல் எங்கே போனது என்று கேளுங்கள்.

◆ இலையைப் பச்சையாகத் தின்ன நம் ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள்? ருசி காரணமில்லை. வல்லாரைச் சம்பலைச் சட்டியோடு வழித்துத் தின்கிறவர்கள்தானே. காரணம் பூச்சி, வயிற்றுப் பூச்சி.

1916இல் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் போன இடம் மாத்தளைத் தோட்டங்கள். மலைத்தோட்டத்து ஆட்களின் இரத்தத்தை அந்தப் புழு அந்த அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. மலசலகூடம் இல்லாத லயங்கள், ஓயாத மழை, வெறுங்கால். கொழுக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்துத்தான் ஏறும். இலையைத் தின்று வருவது பெரும்பாலும் அதுவல்ல. ஆனால் அதன் கூட்டாளிகளான வட்டப்புழுவும் சவுக்குப்புழுவும் வாய்வழியாகவே வருகின்றன. அவற்றின் முட்டை மண்ணில் கிடந்து, மழைத்துளி தெறிக்கும்போது இலையில் ஒட்டும். வட்டப்புழு முட்டையின் மேலோடு பசை மாதிரிப் பிடிக்கும். உப்புத் தண்ணீருக்கும் வினாகிரிக்கும் அது அசையாது. கொதிக்கவைத்தால்தான் சாகும். அப்படிப்பட்ட காலத்தில் 'எதையும் வேகவை' என்று சொன்ன பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் வயிற்றைக் காத்தார்கள். அவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட முடியாது.

இன்று செய்ய வேண்டியது: மனிதக் கழிவோ ஆறாத சாணமோ படாத பாத்தி, சுத்தமான தண்ணீர், மண் தெறிக்காமலிருக்க செடிக்கடியில் ஒரு படுக்கை. தேயிலைக் கன்றுகளுக்கடியில் பரப்புகிற மானாப்புல்லே போதும்.

◆ ஓடில்லா நத்தையும் கவனிக்க வேண்டிய ஆள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் தங்கும். நத்தையோடு சேர்த்து இலையை விழுங்கினால் அவை மனிதனின் மூளையுறைவரை போகக்கூடும். 1935இல் சீனாவின் கன்டன் நகரத்து எலிகளில் இந்தப் புழுவைக் கண்டார்கள். மனிதனில் கண்டது 1945இல், தாய்வானில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சைனீஸ் கோவாவை முழுதாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அது கழுவியதாகாது என்பதற்காகச் சொல்கிறேன். அடியை வெட்டி, இலை இலையாகப் பிரித்து, வெள்ளைத் தண்டின் குழிவில் பெருவிரலால் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். சின்ன நத்தைகள் ஒளிந்திருப்பது அந்தக் குழிவில்தான். வெளி இலை இரண்டு மூன்றை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். தண்ணீர் பீலியிலிருந்து வருவதானால், கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய தண்ணீர்.

◆ மருந்து அடித்த கதை வேறு. கோவாக் குடும்பத்தின் பெரிய எதிரி, முதுகில் வைரக்கல் வடிவம் தெரியும் ஒரு சின்ன அந்துப்பூச்சி. டி.டி.ரி.க்கு எந்தப் பயிர்ப்பூச்சியும் மசியாமல் போகலாம் என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டதில் இதற்குப் பங்குண்டு. ஜாவாத் தீவில், 1953இல். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மருந்தையும் அது ஒரு கை பார்த்துவிட்டது. தோட்டக்காரரும் விடாமல் அடிக்கிறார். விற்கிற பாத்தி வேறு, வீட்டுக்கு வைத்த பாத்தி வேறு என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: "கடைசியா எப்ப மருந்தடிச்சீங்க?" போத்தல் லேபலில் போட்டிருக்கிற நாள் கழியாமல் வெட்டியதென்றால் அதைச் சலாதாக்காதீர்கள். கழுவினால் கொஞ்சம் போகும்; இலைக்குள் இறங்கியது போகாது.

◆ கத்தி பட்டால்தான் இந்த இலைக்குக் காரம் வரும். இலையின் உயிரணுக்களில் குளுக்கோசினோலேட் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதியம் இன்னோர் அறையிலும் பூட்டியிருக்கும். வெட்டும்போது சுவர் இடிந்து இரண்டும் சந்திக்க, கடுகு மாதிரி மூக்கில் ஏறுகிற அந்த வாசம் பிறக்கிறது. பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் வெடிமருந்து அது. வேகவைத்தால் நொதியம் செத்துவிடும். பச்சையாக மெல்லியதாக அரிந்தால் காரம் தெளிவாகத் தெரியும். வல்லாரைக்கு அரிகிற அதே நூல் அரிதல்தான் இதற்கும். தண்டைக் குறுக்கே வெட்டுங்கள், நாரோட்டத்தோடு நீளமாக வேண்டாம்.

◆ 500 கிராம் சைனீஸ் கோவாவில் 475 கிராம் தண்ணீர். மிச்சம் 25 கிராமுக்குள்தான் நாரும் விற்றமினும் மற்றதெல்லாமும். அதனால்தான் சலாது போட்ட அரை மணியில் பீங்கானின் அடியில் குளம் கட்டுகிறது. கொரியாக்காரர் இதற்குக் கண்ட வழி, முதலிலேயே உப்புப் போட்டு அந்தத் தண்ணீரைப் பிடுங்கிவிடுவது. அரிந்த இலையில் ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் இலை துவளும், ஆனால் கடித்தால் மொறுமொறுப்பு இருக்கும். கொரியர் ஒன்றுகூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாக் கிம்ச்சியும் புளிக்கவைப்பதல்ல. கலந்தவுடனேயே தின்கிற 'கொட்ஜொரி' என்றொரு வகையும் உண்டு. அது நம் சம்பலுக்கு ஒன்றுவிட்ட அக்கா. கொரியாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், செய்துகாட்டுவார்.

◆ தேசிக்காய்ப் புளியை எப்போதும் கடைசியில் விடச் சொல்வது ஏன்? புளிப்புப் பட்டால் இலைப்பச்சையின் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடும். கழன்றால் பச்சை மங்கிக் காக்கி நிறமாகும். ஒருமுறை விருந்தாளிகள் வருவார்களென்று காலையிலேயே எல்லாவற்றையும் கலந்து மூடிவைத்தேன். மத்தியானம் திறந்தபோது சலாதுக்கும் மாட்டுத் தீனிக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கே முடியவில்லை. விருந்தாளிகள் பண்பானவர்கள். பருப்பை மட்டும் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார்கள்.

◆ சீனச் சமையல் குறிப்பில் 'எள்ளெண்ணெய்' என்று பார்த்துவிட்டு நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த வாசம் வராது. அவர்கள் எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். நாம் வறுக்காமல் ஆட்டுகிறோம். வித்து ஒன்று, வாசம் இரண்டு. ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெறும் சட்டியில் வறுத்து, பாதி இடித்துத் தூவினால் கடைப் போத்தலுக்குப் போக வேண்டியதில்லை. எள் இல்லையா? வறுத்த கச்சானை உடைத்துப் போடுங்கள். இலங்கைப் பிடிக்கு அதுதான் மேல் என்பது என் கட்சி.

◆ மாசிக்கும் ஜப்பானியர் இழைத்துப் போடும் கட்சுவோபுஷிக்கும் மீன் ஒன்றுதான். இரண்டும் ஒரே சூரை வகை மீனை அவித்து, புகை காட்டி, கல்லாகக் காயவைத்தவை. 1908இல் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து குளுட்டாமேட்டைப் பிரித்தார். அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா 1913இல் காய்ந்த மீனில் இன்னொன்றைக் கண்டார்: இனோசினேட். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக வராது, பெருக்கலாக வரும். சைனீஸ் கோவாவில் குளுட்டாமேட் இயற்கையாகவே கணிசமாக இருக்கிறது, மாசியில் இனோசினேட். ஒரு தேக்கரண்டி மாசித்தூள் போட்ட சம்பல் ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். மாசி விற்கிற விலைக்குத் தேக்கரண்டியை வழித்துத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் அந்த இடத்தில் நன்றாகப் பழுத்த தக்காளியைப் போடலாம். அதிலும் குளுட்டாமேட் உண்டு.

◆ சரி, கலந்துவிடுவோம். நான்கு பேருக்கு.

ஒரு சின்ன சைனீஸ் கோவா, அரைக் கிலோ வரும். மேலே சொன்னபடி கழுவி, தண்ணீர் வடித்து, துணியில் ஒற்றி, நூலாக அரிந்துகொள்ளுங்கள். உப்பில் பிசிறிப் பதினைந்து நிமிடம் வைத்து, இரண்டு கையாலும் பிழியுங்கள். வடிகிற தண்ணீரில் உப்பு இருக்கும். ஊற்றிவிடுங்கள், செடிக்கு வேண்டாம். ஒரு கரட்டைத் துருவிச் சேருங்கள். சின்ன வெங்காயம் ஆறேழு, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, இரண்டையும் பொடியாக. இரண்டு பிடி தேங்காய்ப்பூ. உலர்ந்ததைப் போட்டால் சவசவவென்றிருக்கும், அப்போதே திருவியதுதான் வேண்டும். மிளகை இடித்துப் போடுங்கள், தூள் வேண்டாம். மாசி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் விரல் நுனியால் பிசறுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் திரும்பவும் தண்ணீர் விடும். சாப்பாட்டைப் போட்ட பிறகு ஒரு தேசிக்காய் பிழிந்து, வறுத்த கச்சானையோ எள்ளையோ தூவி உடனே பரிமாறுங்கள். உப்பை இரண்டாம் தரம் போடுவதற்கு முன்னால் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

சோற்றோடு நன்றாகப் போகும். ஆனால் நான் பந்தயம் கட்டுவது கோதுமை மா ரொட்டியோடுதான். சூடான ரொட்டி, பக்கத்தில் கொஞ்சம் கட்டைச் சம்பல், மேலே இந்தக் குளிர்ந்த இலை. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர் கட்டிக்கொண்டு போவதானால் தேசிக்காயைத் தனியாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பிழிவது அங்கேதான்.

◆ சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிக்கிறீர்களா? இலையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைத் தேயிலையின் பொலிபினோல்கள் பிடித்துக் கட்டிவிடும். உடம்பு எடுத்துக்கொள்கிற இரும்பு பாதிக்குமேல் குறையலாம். தேசிக்காயிலும் பச்சை இலையிலும் இருக்கும் விற்றமின் சி இதற்கு நேர்மாறு. இரும்பைக் கரைத்து உள்ளே அனுப்பும். ஒரே சாப்பாட்டில் ஒன்று கொடுக்க மற்றது பறிக்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லி யார் சொன்னது? இரத்தச்சோகை இருக்கும் பெண்கள் இந்த ஒரு மணித்தியாலத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தேயிலை விளைகிற ஊரிலேயே இதை உரக்கச் சொல்கிற ஆள் குறைவு.

◆ கொத்மலை என்றால் நாட்டுக்குப் பால் ஞாபகம் வரும். 100 கிராம் பக் சோயில் ஏறத்தாழ 105 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. பாலில் 120 அளவில். பாலின் கல்சியத்தில் உடம்பு மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, பக் சோயினதில் பாதியை. இதே கணக்கைப் பசளைக் கீரைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒட்சாலிக் அமிலம் நிறைய, அது கல்சியத்தைப் பூட்டிவைத்துக்கொள்ளும். சைனீஸ் கோவாவில் கல்சியம் பக் சோயைவிடக் குறைவு.

◆ நல்லதென்றால் வண்டி வண்டியாகத் தின்பது ஒரு வியாதி. 88 வயதுச் சீனப் பெண்மணி ஒருவர் நீரிழிவுக்கு நல்லதென்று நம்பி, தினமும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பக் சோயைப் பச்சையாகவே தின்றுவந்தார், மாதக் கணக்கில். தைரொயிட் சுரப்பி முடங்கி, நினைவிழந்த நிலையில் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டார். 2010இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. பச்சைக் கோவாக் குடும்பத்தில் அயடீனைத் தடுக்கும் சரக்கு இருக்கிறது. ஒரு பீங்கான் சலாதுக்கு அது ஒன்றும் செய்யாது. 1995இலிருந்து இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம் என்பதால் அந்தப் பக்கமும் ஒரு காவல் இருக்கிறது. தைரொயிட்டுக்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் தின்பதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை.

◆ மலையகத்தின் புதிய தனி வீடுகள் பலவற்றுக்குக் கொடுத்த காணி 7 பேர்ச். சதுர அடியில் 1,906 வரும். வீடு 550ஐ எடுத்துக்கொள்கிறது. பாதை, மலசலகூடம், துணி காயப்போடுகிற கொடி எல்லாம் போனாலும், பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்திக்கு இடம் இருக்கும். எட்டு அங்குல இடைவெளியில் பக் சோய் நட்டால் அந்தப் பாத்தி 90 செடி கொள்ளும். நட்டு 40, 45 நாளில் வெட்டலாம். மொத்தமாக ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்குப் பதினைந்து என்று போட்டால், ஆறு வாரத்துக்குப் பிறகு தினமும் இரண்டு கைக்கு வரும். மண்வெட்டி பிடிக்கத் தெரியாத ஆளா நம் வீட்டில் இருக்கிறார்கள்?

◆ 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, நுவரெலியா மாவட்டத்து மரக்கறிக்காரர்கள் பாத்தியோரம் தலையில் கைவைத்து நின்றார்கள். நவம்பரில் தடை போனது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. இலை மரக்கறிக்கு நைதரசன்தான் சாப்பாடு. அதைத் திடீரென்று நிறுத்தினால் கூட்டெரு ஒரே மாதத்தில் பிறந்து வந்து நிற்காது.

◆ கொழும்பு மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு இடம் மாறியது. மலையிலிருந்து போகும் மூட்டைகளில் ஒரு பகுதி அங்கேதான் அவிழும். மூட்டைமேல் மூட்டையாக அடுக்கி, அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து போன சைனீஸ் கோவாவின் வெளி இலைகளைச் சந்தையில் உரித்துக் குவிப்பார்கள். சாயங்காலத்தில் அது மலையாக நிற்கும். இறம்பொடைப் பாதையோரத்தில் நீங்கள் வாங்குவது அந்த இலையோடு சேர்த்து. இது நமக்கு மட்டும் கிடைத்த வசதி.

◆ 1999இல் யுனெஸ்கோ ஆதரவோடு கொத்மலைச் சமூக வானொலியில் ஒரு புதுமை நடந்தது. ஊரார் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, பதிலை ஊர்மொழியில் ஒலிபரப்புவார். உலகமே திரும்பிப் பார்த்தது. வீட்டில் கணினி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் 'உங்களுக்குத் தெரியுமா?' நடத்திய ஊர் இது. நான் ஏதோ புதிதாகச் செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி.

◆ வெட்ட மறந்து பூத்துவிட்டதா? பிடுங்கி எறியாதீர்கள். மஞ்சள் பூவோடு நீண்டு வரும் இளந்தண்டையும் தின்னலாம். இதே இனத்தில் அந்தத் தண்டுக்காகவே வளர்க்கிற வகைதான் கன்டன் சந்தைகளில் 'சோய் சம்' என்ற பெயரில் விலைக்குப் போகிறது. மரக்கறியின் இதயம் என்று அர்த்தம். மொட்டு விரிவதற்குள் கிள்ளினால் நார் இருக்காது. பூவையும் சலாதில் உதிர்க்கலாம், லேசான கடுகு வாசத்தோடு இருக்கும்.

◆ வெட்டி எறிந்த அடிக்கட்டையை ஒரு கோப்பையில், கால் அங்குலத் தண்ணீரில், யன்னலோரம் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டாம் நாளே நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு குருத்து எட்டிப்பார்க்கும். ஒரு வாரத்தில் நாலைந்து இலை. முழுக் கோவாவாக ஒருநாளும் உருளாது. ஆனால் லபுக்கலையிலிருந்து கொண்டுவந்த அந்த மூன்றின் கட்டைகளும் இப்போது என் குசினி யன்னலில் நிற்கின்றன. காலை ரொட்டிக்குச் சம்பல் அரைக்கும்போது இரண்டிரண்டு இலையாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன்.